பொம்மையின் சட்டைக்குப் பட்டன் போட்டது யார்?

வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வயலில் குருவி விரட்ட நட்டுவைத்த வைக்கோல் பொம்மையைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டி, "அசையாதே! கையத் தூக்கு!" என்று கத்தியவன் நான். அது அசையவில்லை. கைகளை ஏற்கெனவே விரித்துத்தான் வைத்திருந்தது. ஆக, என் இரண்டு உத்தரவுகளில் ஒன்றை முழுதாகவும் இன்னொன்றைப் பாதியாகவும் நிறைவேற்றியது என்று சொல்ல வேண்டும். என் பணிக்காலத்தில் அவ்வளவு கீழ்ப்படிதலை வேறு எவரிடமும் நான் கண்டதில்லை. என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் ஆயுதப்படையில் இருந்தேன். பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் துப்பாக்கியோடு பாரா நிற்பதுதான் வேலை. அந்த முறை போட்ட இடம் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் ஓர் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தத் தலைவரின் பெயரும் வேண்டாம். சுவரொட்டியில் கைகூப்பிச் சிரிக்கிற முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னால் யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

அவர் இருப்பது சென்னையில். ஊரில் இருந்த பழைய பெரிய வீட்டில் அவருடைய மனைவியும் மகளும், சமையலுக்கு ஒரு பெண்ணும் மட்டும். மகள் தஞ்சாவூரில் கல்லூரி படித்துக்கொண்டிருந்த பெண். நாங்கள் எல்லோரும் பாப்பா என்போம். அவர்களுக்கு எதற்கு இத்தனை காவல் என்றால், காரணம் ஒரு போன்.

வீட்டு லேண்ட்லைனில் யாரோ கூப்பிடுவார்கள். எடுத்தால் பேச மாட்டார்கள். திட்டுவதில்லை, மிரட்டுவதில்லை. மூச்சுச் சத்தம் மட்டும். அதற்குப் பின்னால் மோட்டார் கொட்டகையில் தண்ணீர் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டபிறகுதான் மேலிடம் பயந்தது. கூப்பிடுகிறவன் எங்கோ பட்டணத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்றால் பரவாயில்லை. இவன் இங்கேயே, ஏதோ ஒரு வயலோரம் நின்றுகொண்டு கூப்பிடுகிறான்.

உடனே மதில் உயர்ந்தது. மேலே முள்கம்பிச் சுருள். மறைவாக இருக்கும் என்று கொல்லைப் புங்க மரங்களை வெட்டினார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் எல்லாம் கறுப்பு ஸ்டிக்கர். சுற்றிலும் கேமரா. பாப்பாவுக்குக் கல்லூரி நின்றது, லேப்டாப்பில்தான் பாடம். இதெல்லாம் போதாமல் சென்னையிலிருந்து ஒரு முடிவும் வந்தது. இன்னும் ஒரே ஒரு சந்தேகம் வந்தாலும் பாப்பா சிங்கப்பூர்ச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பப்படுவாள், படிப்பு முடிகிறவரை திரும்ப வர முடியாது. பாஸ்போர்ட் தயாராக இருந்தது. பாப்பாவுக்குப் போக விருப்பமில்லை. அம்மாவுக்கு அனுப்ப விருப்பமில்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. தலைவரின் உதவியாளர் தினமும் சாயங்காலம் எங்களிடம்தான் போனில் கேட்பார்: "ஏதாவது உண்டா?" நாங்கள் "இல்லைங்க சார்" என்றால் பாப்பாவுக்கு இன்னொரு நாள் ஊரில் கிடைத்தது.

எல்லாவற்றையும் பார்ப்பதற்காகத்தான் எங்களை அங்கே போட்டிருந்தார்கள். ஆனால் ஓர் ஆளை மட்டும் பார்க்கக் கூடாது. அந்த வீட்டு அம்மாவை. இது எழுதிவைத்த உத்தரவு இல்லை, எங்கள் தொழிலின் பழக்கம். வந்த முதல் நாளே ஏட்டய்யா சொல்லிக்கொடுத்துவிட்டார்.

"அம்மா வந்தா எந்திரிச்சு நில்லு. கண்ணு பூட்ஸுல இருக்கணும்."

"யாரு பூட்ஸுல ஏட்டய்யா?"

"உன் பூட்ஸுலடா! பெரிய வீட்டுப் பொம்பளைங்கள முறைச்சுப் பாத்துட்டு நின்னியன்னா, நாளைக்கே ஊட்டில குளிர்ல நிப்ப."

ஊட்டி என்றதும் எனக்கு ஓர் ஆசை வந்தது உண்மை. ஆனாலும் கட்டுப்பட்டேன். அம்மா துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பேன். முருங்கைக் கீரை ஒடிக்க வந்தாலும் அப்படியே. அந்த வீட்டில் வேலை பார்த்த காலத்தில் அவர் முகம் எனக்குத் தெரியாது, கால் தெரியும். இடது காலில் இரண்டாவது விரல் மூன்றாவது விரல்மேல் லேசாக ஏறிப் படுத்திருக்கும். அந்த விரலில்தான் மெட்டி. குதிகாலில் வெடிப்பு, அதில் மஞ்சள் தங்கியிருக்கும். சந்தையில் எதிரே வந்தால் யாரோ என்று ஒதுங்கிப் போயிருப்பேன். காலைக் காட்டினால் சல்யூட் அடித்திருப்பேன்.

இனி பொம்மைக்கு வருகிறேன்.

வீட்டின் கொல்லைப் பக்கம் மதிலை ஒட்டி ஒரு வாய்க்கால். அதில் இறங்கிக் குளிப்பதற்காக அந்தக் காலத்தில் வைத்த சிறிய மரக்கதவு மதிலில் இன்னும் இருந்தது, உள்பக்கம் தாழ். வாய்க்காலின் குறுக்கே ஒரு தென்னந்துண்டு பாலம். அதைத் தாண்டினால் அவர்களுடைய வயல், குத்தகைக்கு விட்டது. மார்கழிக் கடைசி. சம்பா பால் பிடித்து முற்றுகிற நேரம். விடிந்தும் பனி விலகாத ஒரு காலையில் கேமரா டிவி கீச்சென்று கத்தியது. மனிதன் என்று அதற்குத் தோன்றினால் உருவத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டுக் கத்தும். பார்த்தேன். வயலில் ஓர் ஆள். வெள்ளை முழுக்கைச் சட்டை. இடுப்புக்குக் கீழே பனி. தலை மட்டும் பெரிதாக இருந்தது. வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றது.

பிறகு நடந்ததைத்தான் மேலே சொல்லிவிட்டேன். நான் போட்ட கூச்சலில் கொக்குகள் எழும்பின. குத்தகைக்காரர் வரப்பில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"சார், சார், சுட்டுடாதீங்க! சட்டை நல்ல சட்டை! பெரிய வூட்டுலேர்ந்து குடுத்தது, ஐயாவோடது!"

முந்தின சாயங்காலம்தான் நட்டாராம். கவிழ்த்த மண்சட்டியில் சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் வரைந்த தலை. அதற்குத் தலைவரின் பழைய கதர்ச் சட்டை. அரை வெளிச்சத்தில் அந்தப் பல்லைப் பார்த்தபோது சுவரொட்டி ஞாபகம் வந்தது. வெளியே சொல்லவில்லை.

அன்று முழுக்க ஏட்டய்யா விடவில்லை. "ஏண்டா, கைய தூக்கச் சொன்னியாமே, தூக்குச்சா? தூக்கலன்னா லத்திய எடுக்க வேண்டியதுதான?" டீக்கடைவரை போய்விட்டது. ஒரு வாரம் என் பெயர் பொம்மைப் போலீஸ். ஒன்று மட்டும் இன்றும் காதில் இருக்கிறது. ஏட்டய்யா அதை நடித்துக்காட்டியபோது சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண் சிரிப்பு. வந்ததிலிருந்து அந்த வீட்டில் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. கறுப்பு ஒட்டிய கண்ணாடி ஆகையால் ஆள் தெரியவில்லை. ஒரு சுவர் சிரித்த மாதிரி இருந்தது.

தஞ்சாவூரிலிருந்து கேமராக்காரர் வந்தார். பொம்மையைப் பார்த்துக் கத்தாமல் இருக்க, அந்தப் பகுதியைக் கண்டுகொள்ளாதே என்று இயந்திரத்துக்குச் சொல்லிவிடலாம் என்றார். டிவியில் சுண்டெலிபோல ஓடிய ஓர் அம்புக்குறியை இழுத்து வயலைச் சுற்றிக் கோடு போட்டார். தாராளமான கை அவருக்கு. வயலோடு வாய்க்காலும், மதிலின் பின்பக்கமும், அந்த மரக்கதவும் கோட்டுக்குள் போய்விட்டன. "இனிமே அங்க யானை வந்து நின்னாலும் கத்தாது சார்," என்றார். ஆகா என்று நான் அதைக் கொல்லை முழுக்கக் கேட்கும்படி ஏட்டய்யாவிடம் கத்திச் சொன்னேன். பாதுகாப்பு ரகசியத்தை அப்படித்தான் நான் காப்பாற்றினேன்.

சில நாள் கழித்து, மத்தியானம். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் காற்று நின்றுவிடும். பறவைச் சத்தமும் இருக்காது. அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும் நேரம். ஏட்டய்யா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி யோசிக்கும் நேரம், குறட்டையோடு. பாப்பா வாசல் கம்பிக்கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"அங்கிள், அந்தப் பொம்மையை யாராவது எடத்தை மாத்தி வெச்சாங்களா?"

"ஏன் பாப்பா, அதுக்கும் டிரான்ஸ்ஃபர் போட்டுட்டாங்களா?"

"வெளையாடாதீங்க அங்கிள். காலைல நடு வயல்ல இருந்துச்சு. இப்ப வாய்க்கால் பக்கம் நிக்குது. நான் மாடி ஸ்டோர் ரூம் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். என்னையே பாக்குது."

சிரித்துக்கொண்டே டிவியைத் திருப்பினேன். சிரிப்பு பாதியில் நின்றது. அது நின்றுகொண்டிருந்தது. வயலின் நடுவில் இல்லை, வாய்க்காலை ஒட்டிய வரப்பில். அதே வெள்ளைச் சட்டை, இடுப்புக்குக் கீழே கரையின் காட்டாமணக்குப் புதர். தலையில் துண்டு. கைகள் விரிந்திருக்கவில்லை, தொங்கிக்கொண்டிருந்தன. சுற்றிலும் சிவப்புக் கட்டம் கிடையாது. கேமராவின் கணக்கில் அங்கே யாரும் இல்லை.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மதிலைச் சுற்றி ஓடினேன். சுற்றி ஓடுவதென்றால் எனக்கு அது கொஞ்சம் பெரிய பயணம், தொப்பை முன்னால் போகும், நான் பின்னால் வருவேன். போய்ச் சேர்ந்தபோது வரப்பில் யாரும் இல்லை. பொம்மை நடு வயலில் தன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் உடம்பில் சட்டை இல்லை. சட்டை இல்லாவிட்டால் தூரத்திலிருந்து அது பயிரோடு கலந்து தெரியாது. குறுக்கே கட்டிய மூங்கில் குச்சிகள், பிதுங்கிய வைக்கோல், அதற்கு மேலே சுண்ணாம்புப் பல். எனக்கு முதுகெலும்பில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்து பாப்பாவிடம், "ஒண்ணுமில்ல, குத்தகைக்காரர் நகர்த்தியிருப்பாரு," என்றேன்.

அவள் நம்பவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அங்கிள், சாயங்காலம் அவரு கேட்டா சொல்லிடாதீங்க. சொன்னா நாளைக்கே என்னை பிளைட் ஏத்திடுவாங்க. அம்மா இந்த வீட்டுல தனியா செத்துடுவாங்க."

"பயமா இல்லையா பாப்பா?"

"ரொம்ப பயமா இருக்கு. சொல்லாதீங்க."

சொல்லவில்லை. அவளுக்காக என்று பெருமை பேசலாம். உண்மையில் "சார், பொம்மை சட்டையக் கழட்டிட்டு வாக்கிங் போகுது" என்று சொல்லிவிட்டு அதே உத்தியோகத்தில் இருக்க முடியாது என்பதும் ஒரு காரணம்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். சட்டை திரும்பப் பொம்மைமேல் இருந்தது. குத்தகைக்காரர் களத்தில் இருந்தார். கூப்பிட்டு, நீங்களா கழற்றி மாட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் பொம்மையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். பிறகு சட்டையின் மார்பைத் தொட்டுப் பார்த்தார். விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"பட்டன் போட்டிருக்கு சார்."

"போட்டா என்ன?"

"நான் போடல சார். பொம்மைக்கு யாரு சார் பட்டன் போடுவா? சும்மா கையில நுழைச்சு உட்டதுதான்." கொஞ்சம் நின்று, "கழுத்து பட்டன்வரைக்கும் போட்டிருக்கு பாருங்க," என்றார். அன்றிலிருந்து அவர் அந்தப் பக்கத்து வரப்பில் தனியாக வரவில்லை.

அடுத்தடுத்த மத்தியானங்களில் அது வந்தது. முதலில் விட்டுவிட்டு, பிறகு தினமும். வந்தால் ஆடாமல் அசையாமல் நிற்கும், வீட்டைப் பார்த்து. டிவியில் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு கட்டத்தில் அது என்னைப் பார்க்கிறதோ என்று டிவியை வேறு பக்கம் திருப்பி வைத்தேன். எழுந்து ஓடினால் நான் போய்ச் சேர்வதற்குள் போயிருக்கும். பாப்பா சாப்பிடுவதைக் குறைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. ஆனால் மத்தியானம் ஆனால் அந்த ஸ்டோர் ரூமுக்குத்தான் போவாள். "பாக்காம இருந்தா இன்னும் பயமா இருக்கு அங்கிள். நான் பாக்கலன்னா கிட்ட வந்துடும்."

இதற்கு நடுவில் போனும் ஒருநாள் அடித்தது. சமையல்காரம்மா எடுத்து, காதில் வைத்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். நாங்கள் யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏட்டய்யாவிடம் ஓடவும் முடியாது, உதவியாளரிடம் சொல்லவும் முடியாது. ஆகவே ஒரு நாள் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, வாய்க்கால் கரையில் காட்டாமணக்குப் புதருக்குள் போய் உட்கார்ந்தேன். பதுங்கியிருந்து தாக்குவது என்று பயிற்சியில் பெரிய படம் போட்டுக் காட்டுவார்கள். படத்தில் கட்டெறும்பு இருக்காது. பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்கியது. கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் இல்லை. துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், குழந்தை கரடிப் பொம்மையைப் பிடிக்கிற மாதிரி.

மதிலில் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

வெளியிலிருந்து வரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கதவு உள்ளிருந்து திறந்தது. ஓர் உருவம் குனிந்து வெளியே வந்து தென்னந்துண்டின்மேல் நடந்து வயலுக்குள் போனது. பொம்மையின் முன்னால் நின்று, பெரியவர்களுக்குச் சட்டை கழற்ற உதவுகிற மாதிரி, ஒவ்வொரு பட்டனாகக் கழற்றியது. சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டது, நடவுக்கு வரும் பெண்கள் போடுவதுபோல. தோளிலிருந்த துண்டைத் தலையில் முக்காடாக இழுத்தது. வரப்புக்கு வந்து, என்னிலிருந்து பத்தடியில், எனக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்து நின்றது. பிறகு அசையவே இல்லை. மூச்சு விடுகிறதா என்றுகூடத் தெரியவில்லை.

நான் எழுந்தேன். "அசையாதே" என்று சொல்ல வாய் வரவில்லை, ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பட்டது போதும். பூட்ஸ் சளக் சளக் என்று சத்தம் போட்டது. உருவம் திரும்பியது. நான் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எந்தப் போலீஸ்காரனும் அதைத்தான் செய்வான். ஆனால் அந்த வீட்டுப் பழக்கம், கண் தானாகக் கீழே போயிற்று. சேற்றில் இரண்டு கால். இடது காலில் இரண்டாவது விரல் மூன்றாவது விரல்மேல் ஏறிப் படுத்திருந்தது. அதில் மெட்டி.

விறைத்து நின்று சல்யூட் அடித்தேன். பட்டப்பகலில், வயலில், பொம்மைச் சட்டைக்கு.

"இந்த தடவை கைய தூக்கச் சொல்லலையா தம்பி?" என்றது குரல்.

"அம்மா…"

"நீங்க அன்னிக்குப் பொம்மைய மிரட்டினீங்க பாருங்க, அப்பதான் யோசனை வந்துச்சு. இந்த வயல்ல எது நின்னாலும் யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னு நீங்கதானே கத்தினீங்க."

"எதுக்கும்மா இப்படி?"

அவர் திரும்ப வீட்டைப் பார்த்தார். "வீட்டுக்குள்ள நான் எங்க போனாலும் யாராவது எந்திரிச்சு நிக்கிறீங்க. நின்னு தரையப் பாக்குறீங்க. மாசக்கணக்கா ஒரு ஆள் என் மூஞ்சியப் பாக்கல. அந்த வீட்டுல நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தம்பி. வெளிய வந்து பாத்தா தெரியுமேன்னு வந்தேன்."

"தெரிஞ்சுதாம்மா?"

"நீங்களே பாருங்க."

அவர் நின்ற இடத்திலிருந்து அந்த வீட்டை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். வாசலில் நின்று அதற்கு முதுகைக் காட்டித்தானே எப்போதும் நிற்பது. மரம் இல்லாத கொல்லை. கம்பிச் சுருள். வரிசையாகக் கறுத்த கண்ணாடிகள். ஒரு துணி காயவில்லை. துக்கம் நடந்து எல்லோரும் பூட்டிக்கொண்டு போய்விட்ட வீட்டைத்தான் நாங்கள் மாசக்கணக்காகக் காவல் காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

அம்மா என் பக்கம் நெருங்கினார். குரல் மாறியிருந்தது. "முதல்ல நாலு நாள் சும்மாதான் வந்தேன். அப்புறம் வரணும்னே வர்றேன். மாடில அந்த ஓர ஜன்னலப் பாருங்க. ஸ்டோர் ரூம். அங்க யாரும் போறதில்ல. ஆனா இந்த நேரத்துக்கு அங்க ஒரு உருவம் வந்து நிக்கும். என்னையே பாக்கும். பாத்தீங்களா? நிக்குது. என் வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க தம்பி."

அங்கே கறுப்பு ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல் அசையாமல் நின்றது.

"யார்ட்டயாவது சொல்லலாம்னா, பாப்பாவ அனுப்பிடுவாங்க. அதான் தினம் வந்து நானே பாத்துக்கறேன். நான் பாத்துக்கிட்டிருந்தா அது அவ ரூம்புக்குப் போகாது."

"அம்மா, அது பாப்பாம்மா."

"அவ முன்னாடி ரூம்புல க்ளாஸ்ல இருக்கா."

"இல்லம்மா. பொம்மை நடக்குது, தன்னையே பாக்குதுன்னு தினம் அங்க வந்து நின்னு பாக்குது பாப்பா. பயந்துபோய்ச் சோறுகூட இறங்கல. அதுவும் வெளிய சொல்லல. சொன்னா அனுப்பிடுவாங்கன்னு."

அம்மா ஜன்னலைப் பார்த்தார். நிழல் அவரைப் பார்த்தது. இரண்டு பேரும் இத்தனை நாளாக ஒருவரையொருவர் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"கையத் தூக்குங்கம்மா," என்றேன்.

அம்மா வலக்கையை மெதுவாக உயர்த்தினார். சட்டைக் கை நீளம், விரல்கள் வெளியே தெரியவில்லை. மேலே நிழல் வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு இல்லை.

அப்போது வீட்டுக்குள் போன் அடித்தது. லேண்ட்லைன். சந்தடியில்லாத வீட்டில் அந்த மணி மதில் தாண்டி வயல்வரை கேட்டது. அம்மா அசையவில்லை, நானும் அசையவில்லை. தூரத்தில் எங்கோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் மோட்டார் ஓடாத பகல் ஏது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மணி அடித்து ஓய்ந்தது. அது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மரக்கதவு படாரென்று திறந்தது. பாப்பா செருப்பில்லாமல் ஓடிவந்து வாய்க்காலின் அந்தக் கரையில் நின்றாள். கையில் தோசைத் திருப்பி. அதை ஆயுதம்போல நீட்டிப் பிடித்திருந்தாள். எனக்கு அதில் ஒரு சக ஊழியப் பாசம் வந்தது.

"யாரு?" என்றாள்.

அம்மா துண்டை இறக்கினார்.

"நீயாம்மா? பைத்தியமா உனக்கு? நான் செத்துப்போயிருப்பேன்!"

"ஜன்னல்ல நின்னு என்னைச் சாகடிச்சது நீதானடி!"

பாப்பா அங்கேயே கரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது. அம்மா சட்டையோடே பாலத்தைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? எழுந்து நிற்க வழியில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். தரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் உதவியாளர் கேட்டார். "வயல் பக்கம் ஏதோ நடமாட்டம்னு ஏட்டு சொல்றாரே?" ஏட்டய்யாவின் கண்மூடிய யோசனைக்கு அந்த அளவு பலன் இருந்திருக்கிறது.

"பொம்மை சார்."

"யோவ், மறுபடியுமா?"

"மறுபடியும்தாங்க சார்."

அவர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. பக்கத்தில் யாரிடமோ அதைச் சொல்லி அவர்களும் சிரித்தார்கள். சிங்கப்பூருக்கு டிக்கெட் போடவில்லை. முட்டாள் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அதை வைத்து எவ்வளவு நாள் வேண்டுமானாலும் சாப்பிடலாம். கேமராக்காரரை வரவழைத்துக் கோட்டை அழிக்கச் சொன்னேன். மரக்கதவுக்குப் பூட்டுப் போட்டு, ஒரு சாவியை அம்மாவிடமும் ஒன்றை என்னிடமும் வைத்துக்கொண்டோம்.

பொங்கல் கழிந்து அறுப்பு இயந்திரம் இறங்கியது. பொம்மையைப் பிடுங்கி வைக்கோல் போரில் சாத்திவிட்டார்கள். சட்டையை வாங்க மட்டும் குத்தகைக்காரர் மறுத்துவிட்டார். ஒரு மத்தியானம் டிவி கீச்சென்று கத்தியது. அறுத்த தாள் நின்ற வயலில் இரண்டு சிவப்புக் கட்டம், வரப்பில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. முன்னால் போன கட்டம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. தெரிந்தவர்கள்தான். ஆனாலும் பழைய பழக்கத்தில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மூச்சிரைக்கப் பின்னால் போய்ச் சேர்ந்தேன். அம்மா முன்னால் நடந்துகொண்டிருந்தார். பாப்பா நின்றாள். அம்மா இருக்கும் இடம் ஆகையால் நான் வழக்கம்போல் தாளையும் வெடித்த மண்ணையும் பார்த்தபடி, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"பாப்பா, இப்ப பயம் போயிடுச்சா?"

"நிமிர்ந்து பாத்துக் கேளுங்க அங்கிள்."